புதுப்பிப்பு: வார இறுதியில் நண்பர்களோடு விமானம் பார்க்கப் போவது

போன பதிவில் விமான நிலைய வேலியோரம் நிற்க இடம் தேர்வது பற்றி எழுதியிருந்தேன். எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கும் என்று முந்தைய இரவே தெரியுமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். காற்று முன்னறிவிப்பை வைத்து ஓரளவு தெரியும்.

விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். ஓடுபாதை 27 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 270 டிகிரி, அதாவது மேற்கு நோக்கி. மேற்கிலிருந்து காற்று வீசினால் விமானங்கள் கிழக்குப் பக்கமிருந்து வரும். நீங்கள் நிற்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான். ஆனால் காற்று மெதுவாக இருந்தால், ஒலிக் கட்டுப்பாட்டுக்காக லேசான பின்காற்றிலும் அதே ஓடுபாதையைத் தொடர்வார்கள். அதனால் முன்னறிவிப்பை மட்டும் நம்பாமல், கிளம்பும் முன் விமானத் தடங்காட்டிச் செயலியில் கடைசி நான்கைந்து தரையிறக்கங்களைப் பாருங்கள்.

லென்ஸ்: 300 மீட்டர் தள்ளிப் போகும் ஏர்பஸ் ஏ380, முழுச்சட்டக (full-frame) கேமராவில் 150 மி.மீ. குவியத்தூரத்திலேயே படச்சட்டத்தை நிரப்பிவிடும். அதே தூரத்தில் போயிங் 737-800க்கு 270 மி.மீ. வேண்டும். ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 நொடி. விசிறி (புரொப்பெல்லர்) விமானத்துக்கு 1/200க்கு மேல் போகாதீர்கள், விசிறி உறைந்து நின்றதுபோல் விழும்.

நண்பகல் படங்கள் மங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். சூடான தார்ப்பரப்புக்கு மேல் காற்று அலைபாய்வதுதான் காரணம். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவதே நல்லது. கூட்டமாகப் போகிறவர்கள் ஏணியை வேலியில் சாய்க்கக் கூடாது, அவசர வாயில் முன் வண்டி நிறுத்தவும் கூடாது.