காரைக்குடி பக்கம் பிடுங்கிய ஞானப்பல் கிடைக்குமா?

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுதான் பல் கூழ். அதில் இருக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்களைத் தாடை எலும்புச் செல்லாக வளர்த்துப் பார்ப்பது என் ஆய்வு. அதற்குப் பிடுங்கிய ஞானப்பற்கள் வேண்டும். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர்கள் யாராவது உதவ முடியுமா?

பல் முளைத்து வெளியே வரும்போதே எனாமல் உண்டாக்கும் செல்கள் அழிந்துவிடும். அதனால்தான் தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. கூழில் உள்ள செல்கள் அப்படியில்லை. அவை டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான பகுதி) உருவாக்கும் என்று 2000-இல் ஞானப்பற்களை வைத்தே காட்டினார்கள்.

சொத்தை இல்லாத பல், 18 முதல் 25 வயதுக்காரர்களுடையது போதும். தயவுசெய்து ஃபார்மலினில் போட வேண்டாம், செல் செத்துவிடும். காயவும் விடக்கூடாது. திரவம் ஊற்றிய மூடிக்குழாயை முன்கூட்டியே தந்துவிடுவேன். பல்லை அதில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுச் சொன்னால் அன்றைக்கே வந்து எடுத்துக்கொள்வேன். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறது. பல் கொடுப்பவரின் சம்மதக் கையெழுத்து கட்டாயம், ஆனால் அவர் பெயர் லேபுக்குப் போகாது.

பால் பல்லிலும் இந்தச் செல் உண்டுதான். சாணியில் உருட்டி ஓட்டின் மேல் எறியும் பிள்ளைகளோடு யார் போட்டிபோடுவது? அதற்கு அனுமதியும் வாங்கவில்லை. ஞானப்பல் மட்டும் போதும். முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.