புதுப்பிப்பு: பூட்டிய அலமாரியிலிருந்து வகுப்பறைக்கு வந்த ஊசி

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள என் மகனுக்குக் கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் மருந்து ஊசியைப் பள்ளி அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்களே, என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தலைமையாசிரியரிடம் பேசியபின், மருத்துவர் கையொப்பமிட்ட அவசரகாலத் திட்டம் ஒட்டிய பூட்டில்லாத பெட்டியில், இரண்டு ஊசிகள் இப்போது வகுப்பறையிலேயே இருக்கின்றன.

மருந்தில்லாத பயிற்சி ஊசியைக் கொண்டு ஆசிரியர்கள் பழகியபோது நானும் உடனிருந்தேன். வகுப்பாசிரியை முதலில் ஊசிமுனை இருக்கும் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டார். மூன்றாம் முறை தயக்கமின்றி, தொடையின் வெளிப்புறத்தில் உடைக்கு மேலேயே அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

மாத்திரை போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்குமே தவிர, மூச்சுத்திணறலையோ இரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது என்பதால், முதலில் ஊசி போட்டு உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தையை எழுந்து நடக்க விடக் கூடாது. 5 முதல் 15 நிமிடங்களில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். தேறிவிட்டாலும், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும்.

விளையாட்டு வேளையில் பெட்டியை யார் எடுத்துச் செல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வாரம் அதைப் பேசவிருக்கிறேன்.