பிராக் நகரில் மாலை பார் டூர்: காசு கட்டிச் சேரலாமா, நாமே சுற்றலாமா?

கல்தரைத் தெரு:
செப்டம்பரில் பிராக்கில் மூன்று இரவு தங்கப்போகிறோம். நாலு பேர், ஒருவர் மது தொடமாட்டார், இன்னொருவர் சைவம். இரண்டு டூர்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, மாலை 5:30 முதல் 8:30 வரை: அதிகபட்சம் 10 பேர், மூன்று பப், ஆளுக்கு 0.3 லிட்டர் பீர் ஐந்து, கொறிக்க ஒரு தட்டு, 50 யூரோ. மற்றது, இரவு 8 மணிக்குத் தொடங்கும் பப் க்ரால்: முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், அப்புறம் மூன்று பார், கடைசியில் ஒரு நடன கிளப், 28 யூரோ. எதில் சேரலாம்? அல்லது இரண்டுமே வேண்டாமா?

இரவு ட்ராம்:
இரண்டாவதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கைடு வைத்து நடத்தும் பப் க்ரால்களுக்கு பிராக் நகர மன்றம் 2024 அக்டோபரில் தடை போட்டது. 8 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து, பிறகு மூன்று பார் என்றால் 10 மணிக்குள் எப்படி முடியும்? ஒன்று, சட்டத்தை மீறி நடக்கிறது. இல்லையென்றால் கைடு 10 மணிக்குக் கழன்றுகொள்வார். நீங்கள் போதையில், முன்பின் தெரியாத கிளப் வாசலில் தனியாக நிற்பீர்கள். "கைடு எத்தனை மணி வரை எங்களோடு இருப்பார்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதிலில் மணி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தடை ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ட்லௌஹா தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் வெறும் கேளிக்கைப் பகுதி அல்ல, மேல்மாடிகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. ஐம்பது அறுபது பேர் கத்திக்கொண்டே ஒரு பாரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் அவர்களுக்குத் தூக்கம் ஏது? தடை கைடு நடத்தும் கூட்டங்களுக்குத்தான். பப்கள் திறந்தே இருக்கும், நீங்கள் நாலு பேராக எத்தனை மணிக்கும் போகலாம்.

தன்வழி:
பப் க்ரால் விஷயத்தில் இரவு ட்ராம் சொல்வதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். ஆனால் முதல் டூரும் அவசியமில்லை என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 யூரோ என்பது ஏறத்தாழ 1,200 செக் கொருனா. நகர மையத்தில் அரை லிட்டர் நல்ல பீர் தோராயமாக 60 முதல் 80 கொருனா. ஐந்து 0.3 லிட்டர் சேர்ந்தால் ஒன்றரை லிட்டர், அதாவது மூன்று பெரிய கிளாஸ்: 240 கொருனாவைத் தாண்டாது. கொறிக்க 200 போடுங்கள். மீதி 750 கொருனாவுக்கு மேல் ஆளுக்கு ஆள் கைடுக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. நாலு பேருக்கு 3,000. அந்தப் பணத்தில் மூன்று இரவும் சாப்பிடலாம்.

காசை விடப் பெரிய காரணம் இடம். பத்துப் பேர் குழு எங்கே உட்கார முடியும்? முன்பதிவு ஏற்கும் பெரிய கூடங்களில்தான். ஹுசோவா தெருவில் உள்ள 'தங்கப் புலி' பப்புக்கு 1994 ஜனவரியில் அன்றைய செக் அதிபர் ஹாவெல், அமெரிக்க அதிபர் கிளிண்டனை அழைத்துப் போனார். பிற்பகல் 3 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் ஆள் நிற்கும், உள்ளே பாதி மேசைகள் வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கியவை. இரண்டு பேராகப் போனால் யாராவது நகர்ந்து இடம் தருவார்கள். பத்துப் பேராகப் போனால் தரமாட்டார்கள்.

பப் நடைமுறை என்று பார்த்தால் அதிகம் இல்லை. நுழையும்போது 'டோப்ரீ டென்' என்று வணக்கம் சொல்லுங்கள். மேசையில் 'ரெசர்வே' அட்டை இருந்தால் உட்காராதீர்கள். ஆள் இருக்கும் மேசை என்றால் 'யே து வோல்னோ?' என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அங்கே அந்நியரோடு மேசை பகிர்வது சாதாரணம். பணியாளர் ஒரு காகிதத் துண்டில் கோடு போட்டுக்கொண்டே வருவார். அதுதான் பில், தொலைக்காதீர்கள், அதில் எதுவும் கிறுக்காதீர்கள். கிளாஸ் காலியாகும்போது கேட்காமலே அடுத்தது வரும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வையுங்கள். முடிந்ததும் 'ஸப்ளாதீம்' (காசு கட்டுகிறேன்) என்று சொல்லுங்கள். இதற்கு 50 யூரோ கைடு வேண்டுமா?

ஹாப்ஸ் கொடி:
தன்வழி, உட்காரும் முறையைச் சொன்னீர்கள், குடிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செக் நாட்டுக்கே பீருக்காகப் போகிறவர் அதைத் தெரியாமல் குடித்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பயணம் வீண்.

குழாயில் 10, 11, 12 என்று பாகை எழுதியிருக்கும். பலர் அதை ஆல்கஹால் சதவீதம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். நொதிக்கும் முன் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இருந்தது என்பதன் அளவு அது. 10 பாகை சுமார் 4 சதவீதம், 12 பாகை சுமார் 5 சதவீதம் ஆல்கஹால் தரும். 1842இல் பில்சன் நகரில் தொடங்கிய பில்ஸ்னர் உர்க்வெல் 12 பாகைப் பீர்தான், ஆனால் 4.4 சதவீதம். சர்க்கரை முழுதும் நொதிக்காமல் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் அந்தக் கசப்புக்கு அடியில் ஒரு இனிப்பு தெரியும். இதைப் பக்கத்தில் இன்னொரு பீரை வைத்துக் குடித்தால்தான் நாக்குக்குப் புரியும்.

அடுத்தது ஊற்றும் விதம். ஒரே பீர், ஒரே குழாய், மூன்று சுவை. 'ஹ்லடிங்கா'வில் மூன்று விரல் கனத்துக்கு ஈரமான நுரை. 'ஷ்னித்' என்றால் பெரிய கிளாஸில் குறைந்த பீர், நிறைய நுரை, மேலே கொஞ்சம் காலி. 'ம்லீகோ' கிட்டத்தட்ட முழுக்க நுரை. உட்கார்ந்து ரசிப்பதற்கில்லை, நுரை உடைவதற்குள் குடித்துவிட வேண்டும். நல்ல பப்பில் கிளாஸை முதலில் குளிர்ந்த நீரில் அலசுவார்கள். உலர்ந்த கிளாஸில் ஊற்றினால் நுரை பெரிய குமிழிகளாகி உடைந்துவிடும். பிறகு குழாய் முனை பீருக்குள் மூழ்கியிருக்க, நுரையை முதலில் இட்டு அதற்கு அடியில் பீரை விடுவார்கள். நுரை மூடி போல நிற்பதால் பீர் காற்றுப் பட்டுக் கெடாது. நுரையைப் பார்த்து 'அளவில் ஏமாற்றுகிறார்கள்' என்று நம்மவர்கள் சண்டைக்குப் போவதுண்டு. கிளாஸில் 0.5 என்ற கோடு இருக்கும். நுரை தணிந்த பிறகு பீர் அந்தக் கோட்டைத் தொடாவிட்டால்தான் குறை.

தொட்டிப் பீர் என்பது இன்னொரு சங்கதி. பாஸ்சரைஸ் செய்யாத பீரை 500 அல்லது 1,000 லிட்டர் தொட்டிக்குள் இருக்கும் பையில் நிரப்புவார்கள். வெளியிலிருந்து காற்றழுத்தம் பையை அமுக்கும்; வாயு பீரைத் தொடுவதே இல்லை. அதனால்தான் வயிறு உப்பாமல் இறங்குகிறது என்பார்கள். நல்ல கைடு தொட்டியையே காட்டுவார், மூன்று ஊற்றும் ஒரே மேசைக்கு வரவழைப்பார். அந்த 750 கொருனா இதற்கு.

தன்வழி:
நீங்கள் எழுதியதை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொண்டால் போதுமே! ஹ்லடிங்கா, ஷ்னித் இரண்டும் பல தொட்டி பப்களில் விலைப்பட்டியலிலேயே இருக்கும். நாலு பேர், ஆளுக்கு ஒரு வகை கேட்டு மாற்றிச் சுவையுங்கள். முடிந்தது.

இன்னொன்று. கைடு அழைத்துப் போகும் பப் எது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? குழுவுக்கு யார் தள்ளுபடி தருகிறார்களோ அவர்கள்தான். டூரில் வரும் ஐந்து பீரும் ஒரே பெரிய ஆலையின் வெவ்வேறு பெயர்கள் என்றால் அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஹாப்ஸ் கொடி:
அந்த ஆபத்து உண்மைதான். அதனால்தான் கட்டுவதற்கு முன் மூன்று பப்களின் பெயரையும், ஊற்றப்போகும் பீர்களின் பெயரையும் கேட்க வேண்டும். பட்டியலில் ஒரு வெளிர் 12, ஒரு 'போலோத்மாவே' எனப்படும் அரைக்கருப்பு, ஒரு முழுக் கருப்பு, ஒரு சிறு ஆலைப் பீர் இவ்வளவாவது இருக்க வேண்டும். 'நாட்டுப் பீர் வகைகள்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் வேண்டாம். கைடு குடிக்காமல் நடத்துகிறாரா என்றும் விமர்சனங்களில் பாருங்கள்.

அச்சிட்டுப் பையில் வைத்தால் போதும் என்கிறீர்கள். முதல் தடவை போகிறவர் நெரிசலான பப்பில், கைகொடுக்க யாருமில்லாமல், செக் பேசும் அவசரப் பணியாளரிடம் ஷ்னித் கேட்பாரா? பெரும்பாலானவர்கள் 'பிவோ' (பீர்) என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதைக் குடிப்பார்கள்.

ரைன் கரை:
பீரைப் பற்றி நல்லாக் கதைக்கிறியள். சாப்பாட்டை ஒருத்தரும் தொடேல்லை, அவையோட சைவக்காரர் ஒருத்தர் வாறார் எல்லோ?

டூரில தாற தட்டு எண்டால் அநேகமா இறைச்சிதான். 'உடோபெனெட்ஸ்' எண்டது வினாகிரியில ஊறின பன்றிச் சொசேஜ். குலாஷ் மாட்டிறைச்சி. பூண்டுச் சூப் சைவம் போலத் தெரியும், இறைச்சி அவிச்ச தண்ணியிலதான் கனபேர் செய்யிறவை. சைவத்துக்கு இருக்கிறது 'ஸ்மஜெனி சீர்': தடிச்ச சீஸ் துண்டை ரஸ்க் தூளில பிரட்டிப் பொரிச்சு, உருளைக்கிழங்கோட குடுப்பினம். மற்றது 'நக்லாடனி ஹெர்மெலீன்', வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு எண்ணெயில ஊறவிட்ட மென்சீஸ்; பீரோட அது வலு சோக்கு. 'பிரம்போராக்' எண்ட உருளைக்கிழங்கு ரொட்டியில முட்டை இருக்கும், சில இடத்தில பன்றிக் கொழுப்பில பொரிப்பினம். 'சாட்லோ' போடுறதோ எண்டு கேட்டுட்டு வாங்கோ. சீஸில ரெனெற் (கண்டுக்குட்டியின்ர வயித்தில இருந்து எடுக்கிறது) இருக்கலாம், அதையும் பாக்கிற ஆள் எண்டால் கையோட ஏதும் கொண்டுபோறதுதான் வழி.

மது தொடாத ஆளுக்கு ஒரு முக்கியமான விசயம். 'நெஅல்கோ' எண்டு குழாயில வாற பீரிலையும் 0.5 சதவீதம் வரைக்கும் மது இருக்கலாம். முற்றாத் தவிர்க்கிறவர் எண்டால் கோஃபோலா கேக்கச் சொல்லுங்கோ. மூலிகை வாசத்தோட, கோலா மாதிரி. அதுவும் குழாயில இருந்துதான் வரும், அதால மேசையில ஒதுங்கி இருக்கிற மாதிரித் தெரியாது.

பப் அடுக்களை மூடின பிறகும் பீர் ஓடும், சாப்பாடு வராது. வெறும் வயித்தோட இருந்துடாதேங்கோ. 8 மணிக்கு முதலே சாப்பாட்டைச் சொல்லிவிடுங்கோ.

இரவு ட்ராம்:
வரம்பில்லாத ஒரு மணி நேரம் ஏன் ஆபத்து என்பதை எண்ணிக்கையில் சொல்கிறேன். 4.4 சதவீதப் பீர் அரை லிட்டரில் சுமார் 17 கிராம் சுத்த ஆல்கஹால். பெக்கரோவ்கா என்ற 38 சதவீத செக் மூலிகை மது 40 மில்லியில் சுமார் 12 கிராம். 'கொடுத்த காசுக்குக் குடிக்கணும்' என்று ஒருவர் அந்த மணி நேரத்தில் இரண்டு பீரும் மூன்று ஷாட்டும் போட்டால் 70 கிராம். ஈரல் ஒரு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும், ஆகவே ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. உறிஞ்சப்படுவதற்கும் நேரம் ஆகும் என்பதால் குடிக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாவது பாருக்கு நடக்கும்போதுதான் மொத்தமாக ஏறும், கால் கல்தரையில் இடறும். மயங்கிய ஆளை மல்லாக்கப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் கிடத்திவிட்டு 155 அல்லது 112 அழையுங்கள். 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விடுதி அறைக்குத் தூக்கிப் போவதுதான் உயிருக்கு உலை வைக்கும் தவறு.

அப்சிந்த் என்ற மூலிகை மது: 60, 70 சதவீதம். சர்க்கரையைக் கொளுத்தும் வித்தை பழைய மரபில்லை, 1990களில் செக் பார்களில் பரவியது. பழைய பிரெஞ்சு முறையில் ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு குளிர்ந்த நீரைச் சர்க்கரை வழியாகச் சொட்டவிடுவார்கள். 70 சதவீதச் சரக்கு 40 மில்லி குடித்தால் அது ஒன்றே கால் அரை லிட்டர் பீருக்குச் சமம். 2012 செப்டம்பரில் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கால் அங்கே பலர் இறந்து, 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மது விற்பனையையே அரசு சில நாள் நிறுத்திவைத்தது. வரி முத்திரைத் தாள் ஒட்டிய புட்டியிலிருந்து, கண்முன்னே ஊற்றுவதை மட்டும் குடியுங்கள்.

தன்வழி:
பணம் பற்றி ஒரு வார்த்தை, டூர் போனாலும் போகாவிட்டாலும். அட்டை தேய்க்கும்போது கருவி 'உங்கள் நாட்டு நாணயத்திலா, கொருனாவிலா' என்று கேட்கும். கொருனாவை அமுக்குங்கள், மற்றதில் விகிதம் மோசம். யூரோ நோட்டாகக் கொடுத்தாலும் அதே இழப்பு. நாணய மாற்றுக் கடையில் விகிதம் மோசம் என்று பிறகு தெரிந்தால், 1,000 யூரோ வரையிலான மாற்றை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீது கையில் இருக்க வேண்டும். டிப்ஸ் 10 சதவீதத்தை ஒட்டி. அட்டை வைப்பதற்கு முன்பே மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

கல்தரைத் தெரு:
பப் க்ரால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். முதல் டூரில் குடிக்காதவரும் 50 யூரோ கட்ட வேண்டுமா? முதல் நாள் போவதா, கடைசி நாளா? திரும்பும்போது மெட்ரோ இருக்குமா?

ஹாப்ஸ் கொடி:
குடிக்காதவருக்குத் தனி விலை உண்டா என்று எழுதிக் கேளுங்கள், சிறு குழு நடத்துகிறவர்கள் பலர் குறைப்பார்கள். சைவத் தட்டையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், அன்று மாலை கேட்டால் கிடைக்காது. முதல் நாள்தான் போக வேண்டும். கடைசி நாள் கற்றுக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? எல்லோரும் வயதுக்குச் சான்று எடுத்துப் போங்கள், அங்கே 18.

தன்வழி:
நான் இன்னும் அந்த 3,000 கொருனா வீண் என்றுதான் சொல்வேன். போவதென்று முடிவானால், இருவர் மட்டும் போங்கள், மற்ற இருவருக்கு மறுநாள் அவர்களே சொல்லித்தரட்டும். இரண்டாம் நாள் பிற்பகல் 2:45க்கு ஹுசோவா தெருவில் 'தங்கப் புலி' வாசலில் இரண்டிரண்டு பேராக நில்லுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே மேசை கேட்காதீர்கள்.

இரவு ட்ராம்:
மெட்ரோ நள்ளிரவு வரை, வெள்ளி சனி இரவுகளில் சுமார் 1 மணி வரை. அதற்குப் பிறகு 91 முதல் 99 வரையான இரவு ட்ராம்கள். எல்லாம் லாஸார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும், அங்கே வண்டி மாறிக்கொள்ளலாம். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. ட்ராமில் உள்ள கருவியில் அட்டை காட்டி வாங்கினால் அது அப்போதே செல்லுபடி. பின்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், அந்த நேரத்து வண்டிகளில் தூங்குகிறவர்களின் பையைத்தான் திருடர்கள் குறிவைப்பார்கள்.