பவர் பேங்கில் ஓட்டினால் கீச்சொலி வருகிறது: சின்தசைசர், டிரம் மெஷின் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

தாளவாசி:
வணக்கம். என்னிடம் ஒரு சிறிய சின்தசைசரும் ஒரு டிரம் மெஷினும் இருக்கின்றன. இரண்டும் 9 வோல்ட் டிசி அடாப்டரில் ஓடுபவை, நடுமுனை நெகட்டிவ் (அதாவது பிளக்கின் நடுத்துளை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ்). சின்தசைசரின் அடியில் 400 மில்லிஆம்பியர் என்றும் டிரம் மெஷினில் 200 என்றும் அச்சிட்டிருக்கிறது. சுவர் பிளக்கைத் தேடாமல் வெட்டவெளியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

10,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றிலிருந்து யு.எஸ்.பி. வயர் வழியாக 5 வோல்ட் எடுத்து, பூஸ்ட் கன்வெர்ட்டரில் 9 வோல்ட்டாக உயர்த்தி, இரட்டைக் கிளை வயரால் இரண்டு கருவிகளுக்கும் கொடுத்தேன். தனித்தனியே ஹெட்போனில் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. இரண்டையும் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் சேர்த்தவுடன் மெல்லிய கீச்சொலி கிளம்புகிறது. டிரம் மெஷினின் விளக்குகள் மாறும்போதெல்லாம் அதற்கேற்ப ஒரு சொடுக்கும் கேட்கிறது. மிக்சர் தன் சொந்த பேட்டரியில் ஓடுகிறது. சுவர் அடாப்டர்களில் இந்தச் சத்தம் துளியும் இல்லை.

இன்னொரு தொல்லை: சின்தசைசர் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரம் மெஷினைச் செருகினால், சின்தசைசர் அணைந்து மீண்டும் எழுகிறது. 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. பவர் பேங்கையே விட்டுவிட்டு 18650 எனும் உருளை வடிவ லித்தியம் அயான் செல்களுக்கு மாறிவிடலாமா?

ஈயக்கம்பி:
மாறிவிடுங்கள். மூன்று செல்களைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட். நான் அப்படியே நேராகக் கொடுத்து ஓட்டுகிறேன், கருவி தாங்குகிறது.

சதுர அலை:
தாளவாசி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 11.1 என்பது பெயரளவு மின்னழுத்தம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் அயான் செல் ஒன்று 4.2 வோல்ட் காட்டும்; மூன்று சேர்ந்தால் 12.6. 9 வோல்ட் கருவிக்குள் நுழைவாயிலில் 10 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் இருந்தால் என்ன ஆகும்? மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் லீனியர் ரெகுலேட்டர் இருந்தாலும், கூடுதல் வோல்ட் முழுவதையும் அது வெப்பமாகத்தான் கழிக்க வேண்டும். அதோடு, பாதுகாப்புப் பலகையும் ஃபியூஸும் இல்லாமல் 18650 செல்களை எவரும் கோக்கவே கூடாது. ஷார்ட் ஆனால் அந்தச் செல் தரும் மின்னோட்டம் வயரை எரிக்கப் போதுமானது.

உங்கள் தொல்லை பேட்டரியில் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு சோதனை செய்யுங்கள். சின்தசைசர் பவர் பேங்கிலேயே இருக்கட்டும்; டிரம் மெஷினை மட்டும் அதன் சுவர் அடாப்டருக்கு மாற்றுங்கள். ஆடியோ வயர்களைத் தொட வேண்டாம். சத்தம் போகிறதா?

தாளவாசி:
போய்விட்டது! அடியோடு போய்விட்டது. ஆனால் ஏன்? இரண்டும் அதே 9 வோல்ட்தானே?

சதுர அலை:
இது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் எனப்படும் பொதுவான நெகட்டிவ் இணைப்பு இரண்டு வழிகளில் சேர்ந்து வளையமாவது. நெகட்டிவ் பக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு கருவிகளின் கிரவுண்டும் கிளை வயரில் ஒருமுறை சேர்கின்றன. ஆடியோ வயர்களின் உலோக உறை வழியாக மிக்சரில் இன்னொரு முறை சேர்கின்றன. டிரம் மெஷினின் விளக்குகளும் பிராசசரும் இழுக்கும் மின்னோட்டம் திரும்பிப் போக இப்போது இரண்டு வாய்க்கால்கள். ஒன்று முறையான கறுப்பு வயர். மற்றொன்று ஆடியோ உறை வழியே மிக்சருக்குப் போய், சின்தசைசருக்குள் இறங்கிச் சுற்றி வருவது. அந்த இரண்டாம் வழியில் ஒரு சிறு பங்கு போனாலும், உறையின் இரு முனைகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு எழும். மிக்சருக்கு அது இசையா இரைச்சலா என்று தெரியாது; அப்படியே பெருக்கித் தந்துவிடும்.

நீங்கள் போட்ட கெபாசிட்டர் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே நிற்கிறது. குற்றம் நெகட்டிவ் வயருக்குள்ளேயே இருக்கும்போது அதனால் என்ன செய்ய முடியும்? சுவர் அடாப்டர்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்து நிற்பவை என்பதால்தான் அங்கே வளையம் உருவாகவில்லை.

பவர் பேங்கில் இரண்டு துளைகள் இருக்கின்றனவே, ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. உள்ளே இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றுதான். மெய்யான பிரிவு வேண்டும்: டிரம் மெஷினுக்கு இரண்டாவது பவர் பேங்க், அல்லது உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்சாரத் தொடர்பின்றிப் பிரிக்கும் ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டர். 200 மில்லிஆம்பியருக்கு 1.8 வாட் ஆகிறது. 3 வாட் கன்வெர்ட்டர் போதும். சாதாரண பூஸ்ட் கன்வெர்ட்டர் எத்தனை வாங்கினாலும் கிரவுண்ட் நேராகக் கடந்துவிடும், ஏமாற வேண்டாம். ஆடியோ வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும் வழிதான், ஆனால் சிறிய மலிவான டிரான்ஸ்ஃபார்மரில் கிக் டிரமின் அடிநாதம் மெலிந்துவிடும். எனக்கு அது பிடிக்காது.

மின்னல்கொடி:
அணைந்து எழுவதற்கு நான் ஒரு கணக்கு சொல்கிறேன். 9 வோல்ட்டில் 600 மில்லிஆம்பியர் என்றால் 5.4 வாட். பூஸ்ட் கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 5 வோல்ட் பக்கத்தில் சுமார் 1.3 ஆம்பியர் இழுக்கிறீர்கள். மெல்லிய யு.எஸ்.பி. வயரின் தடை 0.4 ஓம் என்றாலே அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். உள்ளே வருவது குறைய, கன்வெர்ட்டர் ஈடுகட்ட இன்னும் அதிகமாக இழுக்கும். இந்த நிலையில் டிரம் மெஷினைச் செருகினால், அதன் கெபாசிட்டர்கள் நிரம்ப ஒரு கணம் பேரளவில் மின்னோட்டம் பாய்கிறது, எல்லாம் சரிகிறது.

பவர் பேங்க் யு.எஸ்.பி. பி.டி. வகையா, அதாவது கேட்டால் 5 வோல்ட்டுக்கு மேலும் தரும் பவர் டெலிவரி வகையா? அப்படியானால் பி.டி. டிரிகர் வயர் ஒன்றால் 9 வோல்ட்டை நேராகவே கேட்டு வாங்கலாம், பூஸ்ட் கன்வெர்ட்டரே வேண்டாம். ஆனால் இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வயர்கள் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவாக வரும். உங்கள் கருவிகளோ நெகட்டிவ். வோல்ட் மாற்றும் பொத்தான் உள்ள வகை 20 வோல்ட் வரை ஏறக்கூடியது. இன்னொன்று, பல பவர் பேங்குகள் இரண்டாவது துளையில் எதையாவது செருகினால் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். வாசிப்பின் நடுவே போனைச் சார்ஜுக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஈயக்கம்பி:
சதுர அலை சொன்னது சரி. திறந்து பார்த்தேன்: என் கருவியின் நுழைவில் இருப்பது 25 வோல்ட் கெபாசிட்டர், அதனால்தான் பிழைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொன்னது என் தவறு.

பழம்பாட்டு:
இடையில் ஒரு கேள்வி. என் பழைய எஃபெக்ட் கருவியின் அடாப்டரில் 9 வோல்ட் ஏசி என்று இருக்கிறது. இதையும் இப்படி மாற்ற முடியுமா?

சதுர அலை:
ஐயா, அதற்கு டிசி கொடுக்கவே வேண்டாம். அத்தகைய கருவிகள் பல, ஏசியின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பிடித்துப் பிளஸ், மைனஸ் என இரண்டு மின்னழுத்தங்களை உருவாக்கிக்கொள்பவை. டிசி கொடுத்தால் ஒரு பாதி பட்டினி கிடக்கும். உட்சுற்றைப் படிக்கத் தெரிந்தவர் ரெகுலேட்டருக்கு அருகில் நேரடியாக இரட்டை டிசி ஊட்டலாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். பலகையின் படத்தோடு வந்தால் பார்த்துச் சொல்கிறேன்.

தாளவாசி:
முடித்துவிட்டேன். சின்தசைசருக்குப் பி.டி. வயர், அதிலிருந்தே கிளை பிரித்து ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வழியாக டிரம் மெஷின். மின்னல்கொடி, உங்களுக்கு என் தனி நன்றி: நடுமுனை நெகட்டிவ் என்று எண்ணி மீட்டரை வைத்தபோது மைனஸ் 9 காட்டியது. நடுமுனை பாசிட்டிவேதான். முனைமாற்றும் துண்டு வயர் ஒன்றைச் சால்டர் செய்து சரிசெய்தேன்.

கீச்சொலி இல்லை, சொடுக்கு இல்லை, செருகினாலும் சின்தசைசர் அணைவதில்லை. கன்வெர்ட்டர் ஆடியோ வயரை ஒட்டிக் கிடந்தபோது லேசான இரைச்சல் இருந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தேன், அதுவும் அடங்கியது. 37 வாட்-மணி பேங்க் 5 மணி நேரம் தரும் என்று கணக்கிட்டிருந்தேன். நேற்று மாலை தொடங்கி 6 மணி நேரம் 20 நிமிடம் ஓடியது. கடைசி ஒரு மணி நேரம் இருட்டில், கருவிகளின் விளக்கு வெளிச்சத்திலேயே வாசித்தேன்.