சைட்டேஷனுக்கு 'எடுத்தாள்கை' வைப்போம்; இம்பாக்டுக்கு 'தாக்கம்' வேண்டாம்

வணக்கம் ஐயா, மற்ற எல்லோருக்கும் வணக்கம். ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> சைட்டேஷன் = மேற்கோள். சைட்டேஷன் இம்பாக்ட் = மேற்கோள் தாக்கம். இத்தோடு முடிப்போமே.

முடிக்கலாம் ஐயா. சைட்டேஷன் என்றால் ஓர் ஆய்வுக் கட்டுரை முன்னைய கட்டுரையொன்றைக் குறிப்பிடுவது; சைட்டேஷன் இம்பாக்ட் என்றால் அப்படி எவ்வளவு குறிப்பிடப்பட்டது என்ற அளவு. ஆனால் ஒரு பொருளியல் ஆய்வாளரின் சுயவிபரக்கோவையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் வரியிலேயே இடறுகிறது. மேற்கோள் என்றதும் இங்கே வன்னியில் எங்கள் பிள்ளைகளுக்கு இரட்டைக் குறிக்குள் வரும் வாசகம்தான் நினைவுக்கு வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெற்செய்கை பற்றி எழுதுகிறவர், முன்னே ஒருவர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் பெயர்த்து எழுதாமல், பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அதுவும் சைட்டேஷன்தான், கணக்கில் ஏறும்.

நம் உரையாடலில் தங்கச்சி சைட்டேஷனுக்குச் 'சுட்டு' என்றொரு சொல் தந்திருந்தார். சின்னச் சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் இண்டெக்ஸை நாங்கள் சுட்டெண் என்றுதான் படித்தோம். விலைச் சுட்டெண் பத்திரிகையில் வராத மாதம் இல்லை. அப்போது சைட்டேஷன் இண்டெக்ஸ் 'சுட்டுச் சுட்டெண்' ஆகிவிடும். வாயில் நுழையுமா? தமிழ்நாட்டு நண்பர்கள் குறியீட்டெண் என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் கேள்வியும் நிரம்பலும் (டிமாண்ட், சப்ளை) அங்கே தேவையும் அளிப்புமாக இருக்கிறமாதிரி, இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எடுத்தாள்கை என்பது என் முன்மொழிவு. உரையாசிரியர்களைப் பற்றிப் பேசும்போது 'இந்தப் பாடலை எடுத்தாண்டிருக்கிறார்' என்று சொல்லித்தானே வருகிறோம். குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்டும் தொகுத்தும் வைத்ததால்தான் சில பாடல்களாவது மிஞ்சின. வினையிலிருந்து வருவதால் கிளைக்கவும் செய்யும்: எடுத்தாண்ட கட்டுரை, எடுத்தாளப்பட்ட கட்டுரை, தன்னெடுத்தாள்கை. சொல் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த எச்-இண்டெக்ஸ். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வது. ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் முன்வைத்தது. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 6, 3, 1 தடவை எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். மூன்று கட்டுரைகளுக்குக் குறைந்தது மூன்று எடுத்தாள்கைகள் உண்டு. நான்காவதற்கு நான்கு இல்லை. ஆகவே அவருடைய எண் 3. அந்த 40 நாளைக்கு 400 ஆனாலும் 3தான்! இதை 'எச்சுட்டெண்' என்று சேர்த்து எழுதினால் இலக்கணம் தெரிந்தவர் 'எந்தச் சுட்டெண்?' என்று வாசிப்பார். ஹேர்ஷ் சுட்டெண் என்றே வைத்துவிடலாம்.

இனி இம்பாக்ட். சஞ்சிகையின் தாக்கக் காரணி (இம்பாக்ட் ஃபாக்டர், அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை எடுத்தாளப்படுகின்றன என்ற அளவு) நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். அது சஞ்சிகைக்குரியது, ஆளுக்குரியதல்ல. ஆனால் ஆய்வாளர் பெயருக்குப் பக்கத்தில் 'எடுத்தாள்கைத் தாக்கம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரசாயனம் படித்த பிள்ளைக்குத் தாக்கம் என்றால் ரியாக்ஷன் என்று வேறு பொருள் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், அந்த எண் காட்டுவது எத்தனை கட்டுரைகள் இவரைக் குறிப்பிட்டன என்பதை மட்டும்தான். ஒருவர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்களின் நுண்கடன் சுமை பற்றித் தமிழில் ஓர் அறிக்கை எழுதுகிறார், மாதர் சங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு பேசுகிறது என்றால், ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் அதற்கு ஒரு புள்ளிகூட விழாது. ஒரு கட்டுரையை மறுத்து எழுதுவதற்காக எடுத்தாண்டாலோ அந்த எண் கூடத்தான் செய்யும். இதைத் தாக்கம் என்றால் பதவியுயர்வுக் குழுவும் அப்படியே நம்பிவிடும். 'எடுத்தாள்கை வீச்சு' போதும். எவ்வளவு தூரம் எட்டியது என்று மட்டும் சொல்லும்.

வெளியீடுகளின் பட்டியலுக்கு 'ஆய்வு வெளியீடுகள்' போதும். பப்ளிகேஷன் ரெக்கோர்டை 'வெளியீட்டுப் பதிவு' என்றால் ஏதோ கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) பதிந்த மாதிரி இருக்கிறது.

மிஞ்சுவது வேர்க்கிங் பேப்பர். பொருளியலில் சஞ்சிகைக்குப் போய் அச்சில் வர வருடக்கணக்கில் ஆகும் என்பதால், கட்டுரை அதற்கு முன்பே இந்த வடிவில் சுற்றும், எடுத்தாளவும்படும். 1997இல் தொடங்கிய ரெபெக் என்ற பொருளியல் தரவுத்தளம் இதையும் பட்டியலில் சேர்க்கிறது. ஆக, சொல் இல்லாமல் முடியாது. 'பணித்தாள்' எக்செலுக்குப் போய்விட்டது. 'வரைவுநிலைக் கட்டுரை' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன், ஆனால் அரைகுறைக் கட்டுரை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று யோசனை. தங்கச்சி, உங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா?