இண்டுவன் என்ற பெயர் சிந்து நதியினுடையது. எல்லை சீனாவில் இருப்பது ஏன்?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் சொல்லித் தருகிறேன். ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் வயதை விளக்குவதற்காக நிலவியல் கால அட்டவணையை விரித்திருந்தேன். டிரையாசிக் காலத்தின் முதல் நிலையான (காலத்தின் சிறு உட்பிரிவான) இண்டுவன், சிந்து நதியின் பெயரைக் கொண்டது என்று சொன்னதும், படிவம் நான்கு மாணவன் ஒருவன், "அப்படியானால் அதன் தொடக்கத்தைக் குறிக்கும் பாறை சீனாவின் மெய்ஷானில் இருப்பது ஏன், டீச்சர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஈப்போ நிலவியல் மாணவர்:
வணக்கம், டீச்சர். பெயர் சூட்டுவதும் எல்லை வகுப்பதும் வெவ்வேறு காலங்களில் நடந்த வெவ்வேறு வேலைகள். ஒரு நிலையின் பாறைகள் முதலில் நன்கு ஆராயப்பட்ட வட்டாரமே பெரும்பாலும் அதற்குப் பெயர் தந்தது. டென்மார்க்கின் பெயரால் அமைந்த டேனியன் நிலைக்கும் இன்று எல்லைப்புள்ளி துனிசியாவின் எல் கெஃப்பில்தான் இருக்கிறது. எல்லைக்குத் தேவைப்படுவது பெயர்ப் பொருத்தமன்று. படிவுகள் இடைவெளியின்றி அடுக்கடுக்காகப் படிந்து, புதைபடிவங்கள் நிறைந்து, பிற்கால வெப்பத்தாலும் மடிப்பாலும் சிதையாத ஒரு பாறைமுகமே தேவை.

அந்தப் பாறைமுகத்தில் ஒரேயொரு புள்ளி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதனைத் 'தங்க ஆணி' என்பார்கள். முதல் ஆணி 1972இல் செக் நாட்டின் குளோன்க்கில், சைலூரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் இடத்தில் ஏற்கப்பட்டது. மெய்ஷானில், ஹிண்டியோடஸ் பார்வஸ் என்னும் கோனோடான்ட் (அழிந்துபோன கடலுயிரின் நுண்ணிய பல் போன்ற புதைபடிவம்) முதன்முதலாகத் தோன்றும் அடுக்கே இண்டுவனின் அடித்தளம். அனைத்துலக அடுக்கியல் ஆணையம் வாக்களித்த பிறகு, அனைத்துலக நிலவியல் அறிவியல் ஒன்றியம் 2001இல் அதனை உறுதிப்படுத்தியது. அங்குள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளைக் கொண்டு அந்த எல்லையின் வயது சுமார் 25.19 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

மாணவனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: அடித்தளம் மட்டுமே வரையறுக்கப்படுகிறது, மேல் எல்லை தனியாக வரையப்படுவதில்லை. தோட்டத்தில் ஒருவருடைய நிரை, அதாவது அவருக்கு ஒதுக்கிய மர வரிசை, முடியும் இடத்தில் அடுத்தவருடைய நிரை தொடங்குவதுபோல, அடுத்த நிலையின் தொடக்கமே இந்த நிலையின் முடிவு. ஆகவே இரண்டுக்கும் நடுவே வெற்றிடமும் விழாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யாது.

கம்பார் வாசகி:
ஒரு சிறு சேர்க்கை. டிரையாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்தின் முடிவில் உயிரினங்களுக்கு நேர்ந்த பேரழிவே எல்லை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. மெய்ஷானில் பேரழிவின் முதன்மை அடுக்கு ஆணிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஒன்று அழிந்ததைவிடப் புதியது தோன்றியதை உலகெங்கும் ஒப்பிடுவது எளிது என்பதால் கோனோடான்ட் அடையாளமாயிற்று. பெயரும் ஆணியும் ஒரே மண்ணில் அமைந்ததும் உண்டு: மேகாலயா மாநிலத்தின் மவ்ம்லூ குகையில் வளர்ந்த சுண்ணாம்புப் படிவைக் கொண்டு, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மேகாலயன் நிலை 2018இல் ஏற்கப்பட்டது.

சுங்கை சிப்புட் ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. நிரை உவமையைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். எங்கள் குன்றுகளில் இப்படியொரு புள்ளியைத் தேட முடியுமா என்றும் அவன் கேட்பான்.

ஈப்போ நிலவியல் மாணவர்:
கடினம், டீச்சர். வெள்ளீயத்தைக் கொண்டுவந்த அதே கருங்கல் குழம்பின் வெப்பத்தால் உங்கள் பகுதியின் கிந்தா சுண்ணாம்புப் பாறையின் பெரும்பகுதி பளிங்காக மாறி, புதைபடிவங்கள் பல அழிந்துவிட்டன. கெடாவின் கோடியாங் சுண்ணாம்புப் பாறையில் டிரையாசிக் கோனோடான்ட்கள் கிடைத்துள்ளன; அவனை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.