வீட்டுக் கல்யாணக் குப்பை யார் பொறுப்பு: பேரூராட்சியா, கலெக்டரா, டெல்லியா?

முகப்பு_திண்ணை:
காரைக்குடிப் பக்கம் ஒரு பேரூராட்சி. தை, வைகாசி முகூர்த்தம் வந்தால் வளவு வீடுகளில் (நடுமுற்றம் வைத்த செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில்) கல்யாணம் நடக்கும், மறுநாள் எச்சிலையும் தண்ணீர் கப்பும் ஊரணிக் கரையில் கிடக்கும். கேட்டால், "அது மத்திய அரசு சட்டம், கொட்ட இடம் கலெக்டர் தரணும்" என்கிறார்கள். யாரைப் பிடிப்பது? வீட்டுக்காரர் என்ன செய்யணும்?

கணக்குப்பிள்ளை:
பாதிதான் சரி. விதி எழுதுவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். குப்பையை வாங்குவதும் உரமாக்குவதும் உள்ளாட்சி வேலை. அரசியலமைப்பின் 12வது அட்டவணையிலேயே திடக்கழிவு இருக்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் இடம் ஒதுக்கும் பொறுப்பைக் கலெக்டரிடம் கொடுத்தன, உண்மை. அதற்காக, இடம் வரும்வரை எடுக்க மாட்டோம் என்று சொல்ல முடியாது.

காசில்லை என்பார்கள். 15வது நிதிக்குழு 2021-26க்குச் சிறு நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 30 சதவீதம் சுகாதாரம், திடக்கழிவுக்கென்றே ஒதுக்கியது. அது எதில் செலவானது என்று பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தரணும்.

பந்தி_விசாரிப்பு:
வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் 3 வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்லணும், குப்பையைப் பிரித்தே கொடுக்கணும் என்று 2016 விதிகள் சொல்லின. உரிமம் வாங்கிய மண்டபத்துக்கு இது வராது, வளவு வீட்டுக்கு வரும். முகூர்த்தக்கால் ஊன்றும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: தேதி, எத்தனை பந்தி, சுமார் எத்தனை இலை, வண்டி எத்தனை மணிக்கு வேண்டும். நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

பந்திக்குப் பின்னால் மூன்று டிரம்: இலையும் சோறும் ஒன்றில், மிஞ்சின சாம்பார் ரசம் ஒன்றில், கப் பாட்டில் ஒன்றில். குழம்பு இலையோடு சேர்ந்தால் உரக் குவியலுக்குள் காற்றுப் போகாது. இரண்டாம் நாளே நாறும், ஈ மொய்க்கும். வாழை இலையின் நடுநரம்பைச் சாண் நீளத்துக்கு நறுக்கணும், இல்லையென்றால் மற்றதெல்லாம் மட்கின பிறகும் அது மட்டும் நிற்கும். ஈரம் இழுக்கச் சருகோ தேங்காய் நாரோ கலந்து, வாரம் ஒருமுறை புரட்டணும். மாலையில் உள்ள ஜிகினா, நைலான் நூலை யாரும் பார்ப்பதில்லை. உரத்தைச் சலிக்கும்போது சல்லடையில் சிக்குவது பெரும்பாலும் அதுதான்.

கண்டனூர்_காற்று:
நடுவில் மாநிலத்தை விட்டுவிட்டீர்களே. கப்புக்கு அதுதான் முக்கியம். தமிழ்நாடு 14 வகைப் பிளாஸ்டிக்கை 1.1.2019 முதல் தடை செய்தது. மத்தியத் தடை வந்தது 1.7.2022ல்தான். மத்திய விதியில் 120 மைக்ரான் பைக்கு அனுமதி உண்டு, இங்கே எந்தத் தடிமனும் கூடாது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தடைதான். கடைக்காரர் "டெல்லி அனுமதி" என்றால் நம்பாதீர்கள், எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள்.

முகப்பு_திண்ணை:
தண்ணீர் பாட்டில்? கம்பெனிக்காரன் எடுக்கணும் என்கிறார்களே?

கண்டனூர்_காற்று:
தயாரிப்பாளர் பொறுப்பு உண்டு, ஆனால் அந்தக் கணக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நடக்கிறது. உங்கள் வாசலுக்குக் கம்பெனி வண்டி வராது. தண்ணீரை வடித்து, நசுக்கி, தனிச் சாக்கில் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.